சீன வெள்ளைத் தேயிலையைக் கெடுக்காமல் ஊற்றிக் குடிக்கும் முறை

புறக்கோட்டை வியாபாரிகள் சரக்கு எடுக்க சீனாவின் குவாங்சோவுக்குப் போய்வரும்போது, அங்குள்ள கடைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த தேயிலை டின் ஒன்றும் கூடவே வந்து சேர்கிறது. சில மாதங்கள் ஷோகேஸை அலங்கரித்துவிட்டு, கடைசியில் அது கொதிக்கிற பாலுக்குள் விழுகிறது. என் மருமகன் வீட்டிலும் அதுதான் நடந்தது. "வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இருக்கிறது மாமா, இதற்கா இவ்வளவு விலை?" என்று கேட்டான். தேயிலையில் குறையில்லை, ஊற்றிய விதத்தில்தான் குறை.

நான் கொழும்பில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தின் சுவை பார்க்கும் அறையில் வேலை செய்தவன். அங்கே 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, தளதளவென்று கொதித்த தண்ணீர், 6 நிமிடம் என்பது சட்டம். தேயிலையின் குற்றங்குறைகளை வெளியே இழுத்துப்போடத்தான் அந்த முறை. ரசித்துக் குடிப்பதற்கு அல்ல. வெள்ளைத் தேயிலையிடம் அப்படிக் கறாராக நடந்துகொண்டால் அதன் மென்மையெல்லாம் போய்விடும்.

அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஃபுடிங், ஜெங்ஹே என்ற இரண்டு இடங்கள் இதற்குப் பெயர்போனவை. கொழுந்தைக் கிள்ளி, மூங்கில் தட்டுகளில் பரப்பி வாடவிட்டு, பிறகு மெல்லிய சூட்டில் காயவைக்கிறார்கள். அவ்வளவுதான். நம் மலையகத் தொழிற்சாலைகளில் உருளை இயந்திரத்தில் போட்டு இலையைக் கசக்குகிறோமே, அந்த வேலை இங்கே கிடையாது. கசங்காத இலை தன் சாற்றைச் சட்டென்று விடாது. அதனால்தான் நிறம் வெளிர், சுவை மெதுவாக ஏறுகிறது. ஃபுடிங்கின் இந்தக் கைமுறையும் சேர்ந்த சீனத் தேயிலைத் தொழில் மரபை 2022இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

டின்னைத் திறந்ததும் முதலில் எந்த ரகம் என்று பாருங்கள். முழுக்க முழுக்க மொட்டாக, வெள்ளிநிற மயிர் மூடி இருந்தால் அது பாய் ஹாவ் யின் ஜென், அதாவது வெள்ளி ஊசி. மொட்டோடு ஒன்றிரண்டு இளம் இலைகளும் இருந்தால் பாய் மு தான். பெரிய, பழுப்பேறிய இலைகளே அதிகமென்றால் கொங் மெய் அல்லது ஷோ மெய். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிய வெள்ளி ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுண்ணிய தூசு மிதப்பது தெரியும். அது அழுக்கல்ல, மொட்டின் மயிர். வடிகட்டி எறிய வேண்டாம். நம் நாட்டு வெள்ளைத் தேயிலையான சில்வர் டிப்ஸ் கிடைத்தாலும் இதே முறையில் ஊற்றலாம்.

கரண்டிக் கணக்கு இங்கே ஏமாற்றும். மொட்டு பஞ்சுபோலப் பொங்கி நிற்பதால் ஒரு தேக்கரண்டியில் ஒரு கிராம்கூடத் தேறாது. புறக்கோட்டையில் விற்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைக்கு, அதாவது 200 மில்லிலீற்றருக்கு, 3 கிராம்.

சூடு அடுத்தது. வெள்ளி ஊசிக்கு 80 முதல் 85 பாகை போதும். வெப்பமானி தேவையில்லை. கொழும்பில் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 30 பாகையில் இருக்கும். கேத்தலில் கொதித்த தண்ணீர் மூன்று பங்கோடு, முன்பே கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 82 பாகைக்கு வந்துவிடும். பாய் மு தானுக்கு நான்குக்கு ஒன்று. குளோரின் வாடை அடிக்கும் தண்ணீரானால் முதல்நாள் இரவே பாத்திரத்தில் பிடித்துத் திறந்துவையுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரின் சுண்ணாம்பு கொழும்புத் தண்ணீரில் இல்லாதது நமக்கு அதிர்ஷ்டம். கடின நீரில் இந்தத் தேயிலை வாய் திறக்காது.

மூடிவைத்து 4 நிமிடம். பிறகு முழுவதையும் வடித்துவிடுங்கள். இலை தண்ணீரில் கிடக்கக் கூடாது. அதே இலையில் இரண்டாம் முறை 5 நிமிடம், மூன்றாம் முறை 7 நிமிடம் என்று நீட்டிக்கொண்டே போகலாம். என் நாக்குக்கு இரண்டாவது கோப்பைதான் உயர்ந்தது. முதலில் வெள்ளரிக்காயின் பச்சை மணம், விழுங்கிய பின் தொண்டையில் தேன் தங்கும். ஷோ மெய்யிடம் இத்தனை நாசூக்கு வேண்டாம். கொதிநீரையே ஊற்றலாம், பழைய ஷோ மெய்யைச் சட்டியில் போட்டுக் காய்ச்சவும் செய்யலாம்.

சித்திரை வெக்கையில் நான் செய்வது வேறு. ஒரு லீற்றர் போத்தலில் 6 கிராம் போட்டு, ஆறிய தண்ணீர் நிரப்பி, இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் வடித்தால் துளிக் கசப்பும் இருக்காது.

இனி உடல்நலம். புற்றுநோயை விரட்டும், கொழுப்பைக் கரைக்கும் என்றெல்லாம் டின்னில் எழுதியிருப்பதை நம்பி மருந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கட்டெகின் என்ற பொலிபீனோல்கள், அதாவது தாவரங்களில் இயல்பாக உள்ள ஒருவகைச் சேர்மங்கள், இதில் நிறைய உண்டு. அவை ஆய்வுக்கூடத்தில் காட்டும் வித்தை எல்லாம் மனித உடம்பில் நிரூபணமாகிவிடவில்லை. நிச்சயமான நன்மை ஒன்று உண்டு: இதில் சீனி போட முடியாது. சாதாரணத் தேநீரில் கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி வீதம் மூன்று கோப்பை குடித்தாலே, உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு நல்லதென்று சொல்லும் 25 கிராம் எல்லையைத் தொட்டுவிடுகிறோம். அதில் இரண்டு கோப்பையை வெள்ளைத் தேநீராக மாற்றினால் நீரிழிவுக்காரர் வீட்டில் அதுவே பெரிய லாபம்.

வெளிர் நிறத்தைப் பார்த்து கஃபேன் இல்லை என்று எண்ண வேண்டாம். முற்றிய இலையைவிட மொட்டில்தான் அது அதிகம். இரவில் தூக்கம் வராதவர்கள் மாலைக்கு மேல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் குடிக்காமல், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும். தேயிலையின் பொலிபீனோல் மரக்கறியில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். ஆவி பறக்கக் குடிப்பதும் வேண்டாம். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது அனேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது.

ஒரு வருடம் தேயிலை, மூன்று வருடம் மருந்து, ஏழு வருடம் பொக்கிஷம் என்று சீன வியாபாரிகள் சொல்வார்கள். பழசானால் சுவை கனத்து, பேரீச்சம்பழ வாசம் ஏறுவது உண்மை. மருந்து என்பது விற்பனைப் பேச்சு. வெள்ளவத்தையில் கடலோரமாகக் குடியிருப்பவர்கள் அந்த ஆசையையே விட்டுவிடலாம். ஈரக்காற்று தேயிலைக்குள் இறங்கிவிடும். காற்றுப் புகாத பையில் கட்டி, அதை இறுக்கமான டின்னில் போட்டு, வெளிச்சம் படாத அலுமாரியில் வையுங்கள். வறுத்த மிளகாய்த்தூள் இருக்கும் தட்டு மட்டும் வேண்டாம். தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். வட்டமாக அழுத்திய கட்டியாக வாங்கியிருந்தால் மாதம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வெயிலில் காயவைத்துச் சரிசெய்யப் பார்க்காமல், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் குப்பையில் போட்டுவிடுங்கள்.