ரீமேப்புக்குப் பிறகு திக்கிய டர்போ கார்

என் டர்போ பெட்ரோல் காரை ரீமேப் செய்த (டர்போவின் பூஸ்ட், அதாவது அது திணிக்கும் காற்றின் அழுத்தம், கூடும்படி எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிய) மறுநாள், கயத்தாறு போகும் நான்குவழிச் சாலையில் திக்க ஆரம்பித்தது. நாலாவது கியரில் முழுசாக மிதித்தால் மட்டும். நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் ஒன்றுமில்லை. வேறு பங்கில் பெட்ரோல் போட்டேன், பொறிக்கு வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயில் நான்கையும் மாற்றினேன். ஐந்து நாள் வீண்.

அப்புறம்தான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்தேன். பொறி பாயும் இடைவெளி 0.8 மி.மீ. பூஸ்ட் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அடர்த்தியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். சுமை இல்லாமல் முறுக்கும்போது பூஸ்ட் ஏறாது, அதனால் கோளாறும் தெரியாது. ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றும்) பிளக் வாங்கி, பொறி எளிதாகப் பாய இடைவெளியை 0.6 ஆக்கினேன். நடுவிலுள்ள இரிடியம் முனையில் கேஜ் உரசக்கூடாது. பக்கக் கம்பியை மட்டும் வளைக்க வேண்டும்.

பாபநாசம் ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தேன், திக்கல் இல்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் முன் பிடித்ததில் பெரிய நிம்மதி.