சுருங்கிய படிகமும் தப்பிய வோல்டேஜும்

போன குறுவை அறுவடை சமயம். ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்ற படிகத்தில் டைட்டானியம்–ஆக்சிஜன் பிணைப்பை அளக்க, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குவிந்த கற்றையை வைத்து விளிம்பு விளைவுப் (டிஃப்ராக்ஷன்) படங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன். படத்தின் நடுவே தெரியும் வட்டத் தட்டில் முடி போல ஓடும் மெல்லிய கருங்கோடுகள் கணக்கோடு சேரவே இல்லை. இவற்றுக்கு ஹோல்ஸ் (HOLZ) கோடுகள் என்று பெயர்; படிகத்தின் அளவை இவற்றின் இடத்திலிருந்து கணக்கிடலாம். அணிக்கோவை மாறிலி, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் நீளம், 0.3905 நானோமீட்டர் வர வேண்டும், எனக்கு 0.3897 வந்தது. மாதிரியில் திரிபு (படிகம் இழுபட்டோ அமுங்கியோ இருப்பது) இருக்கிறதென்று நினைத்து மூன்று முறை புதிதாக மெலித்தேன். மூன்று வாரம் போனது.

ஒருநாள் ராத்திரி அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்து ஊரிலிருந்து போன் பண்ணினார்: "நம்ம நெல்லுல குறை இல்லப்பா, தராசுலதான் கோளாறு."

என் தராசான நுண்ணோக்கியைச் சோதிக்க, மறுநாள் சுத்தமான சிலிக்கானை வைத்தேன். அதன் மாறிலி 0.5431 நானோமீட்டர் என்பது உறுதி. அதுவும் அதே 0.2 சதவீதம் சுருங்கியே தெரிந்தது! எலக்ட்ரான்களை முடுக்கும் வோல்டேஜ் திரையில் 200 கிலோவோல்ட் என்றிருந்தாலும் உண்மையில் 199.3 சொச்சம்தான். வோல்டேஜ் குறைந்தால் எலக்ட்ரானின் அலைநீளம் கூடும். அது தெரியாமல் 200-க்கான அலைநீளத்தையே போட்டால், கணக்கில் அது படிகம் சுருங்கியதாக விழும்.

ஒன்று முக்கியம். சமச்சீர் அச்சில் நேராக எடுத்த படத்தை எளிய வடிவியலோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். எலக்ட்ரான் படிகத்துக்குள் பலமுறை சிதறுவது கோடுகளை நகர்த்திவிடும். கொஞ்சம் சாய்த்து எடுத்து, அந்தப் பலமுறைச் சிதறலையும் சேர்த்த முழு இயக்கவியல் கணக்கோடு பொருத்தினேன்.

திருத்திய வோல்டேஜைப் போட்டதும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. பிறகுதான், ஆற்றல் இழந்த எலக்ட்ரான்களை விலக்கும் ஆற்றல் வடிகட்டி போட்ட படங்களில், பிணைப்பைச் சொல்லும் தாழ்கோண எதிரொளிப்புகளைத் தொட்டேன். இப்போது ஒவ்வொரு அமர்விலும் முதலில் சிலிக்கான்தான்.