கேஸ் ஷீட்டில் ‘வாட்ச்மேன்’ என்று எழுதினால் முடிந்ததா?

போன வாரம் வார்டில் ஒரு பிஜி மாணவர் கேஸ் ஷீட்டை நீட்டினார். வயது 64, ஒன்றரை வருடமாக மூச்சிரைப்பு, தொழில்: வாட்ச்மேன். எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அதே கட்டத்தில் அதே வார்த்தையை நானும் எழுதியிருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் தழும்பு விழ வைக்கும் ஆஸ்பெஸ்டோசிஸைக் கண்டுபிடிப்பதில் நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எக்ஸ்ரேயை இடவலம் மாற்றி மாட்டுவது மாதிரியான தவறுகளை இதில் சேர்க்கவில்லை. ஒரு முறை திட்டு வாங்கினால் யாரும் திருந்திவிடுவார்கள்.

இப்போதைய வேலையை மட்டும் கேட்பது

ஆஸ்பெஸ்டாஸ் நார் உள்ளே போன நாளுக்கும் மூச்சு வாங்கத் தொடங்கும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் 20 வருடமாவது ஓடியிருக்கும். நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமா என்றால் 30, 40 வருடம்கூட. அதற்குள் ஆள் வேலை மாறி, ஊர் மாறி, ஏதோ ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் அந்த நாற்காலியைத்தான் சொல்வார்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் வந்த வாட்ச்மேன் காட்பாடிப் பக்கம். “அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க ஐயா?” என்று கேட்கவும் கேட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. “கவுறு சுத்துற வேலை சார்” என்றார். நம் பக்கம் தென்னைக்கா பஞ்சம்? நார்க்கயிறு திரிப்பவர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் அடியில் கோடுகோடாக நிழல். சளியில் எத்தனை முறை பார்த்தும் கிருமி இல்லை. இருமல் இருக்கிறது, எடை குறைந்திருக்கிறது, வேறென்ன இருக்கப்போகிறது என்று டிபி மாத்திரை ஆரம்பித்தேன். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் வாய் கசந்ததும்தான் பலன்.

அதற்குப் பிறகு ஒருநாள் மனைவியும் கூட வந்தார். “அந்த வெள்ளைக் கவுறு வேலைக்குப் போவாதன்னு அப்பவே சொன்னேன் சார். சட்டைய உதறுனா மாவு மில்லுல இருந்து வந்த மாரி கொட்டும்” என்றார் அந்தம்மா. வெள்ளைக் கயிறா? அன்றைக்குத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். ஒரு கான்ட்ராக்டரோடு பாய்லர் இருந்த ஊருக்கெல்லாம் போய், நீராவிக் குழாய்களுக்குப் பதினோரு வருடம் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியிருக்கிறார். மேலே பூசுவதற்கு வெள்ளைப் பவுடரைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கையாலேயே பிசைவாராம். பழைய சுற்றைப் பிய்க்கும்போது மூக்கை மறைத்து ஒரு துண்டைக் கட்டிக்கொள்வாராம், அவ்வளவுதான்.

முன்பே தெரிந்திருந்தாலும் தழும்பை ஆற்றும் மருந்து கிடையாதுதான். ஆனால் வீணாக ஆறு மாத மாத்திரை போயிருக்காது, நஷ்டஈடு கேட்க ஒரு பிடி இருந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கான்ட்ராக்ட் கூலிக்கு எந்தப் பதிவேடு இருக்கும்? அவர் கையில் மிஞ்சிய ஒரே தாள் என் கேஸ் ஷீட். அதில் ‘வாட்ச்மேன், முன்பு கயிறு திரிப்பவர்’ என்று என் கையெழுத்து.

பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து வேலைகளை வரிசையாகக் கேளுங்கள். “ஆஸ்பெஸ்டாஸா?” என்று கேட்டால் பாதிப்பேர் இல்லை என்பார்கள். வெள்ளைக் கயிறு, கேஸ்கெட், சிமெண்ட் ஷீட், பிரேக் லைனிங் என்று கேட்டால் முகம் மாறும். கையால் என்ன செய்தார், எது பறந்தது என்பது வரைக்கும் போக வேண்டும்.

முதுகின் மேல்பாதியோடு ஸ்டெத்தை எடுத்துவிடுவது

அடியில் வையுங்கள். மூச்சை இழுத்து முடிக்கும் தறுவாயில், பிபி கருவியின் பட்டையை மெதுவாகப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். இருமச் சொன்னாலும் போகாது. டிபி பெரும்பாலும் மேல்பகுதியைப் பிடிக்கும், ஆஸ்பெஸ்டோசிஸ் அடியிலிருந்து ஏறும். என் நோயாளியின் எக்ஸ்ரே அதைத்தான் சொன்னது.

எக்ஸ்ரே சுத்தம் என்று அனுப்பிவிடுவது

ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடியான ஹெச்ஆர்சிடி எடுங்கள், குப்புறப் படுக்க வைத்தும் எடுக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் நல்ல நுரையீரலிலும் பின்பக்கம் ஒரு மங்கல் விழும். குப்புறப் படுத்த பிறகும் அது அங்கேயே நின்றால்தான் கவலை.

பிளாக்கைப் பார்த்து ஆஸ்பெஸ்டோசிஸ் என்று எழுதுவது

பிளாக் என்பது நெஞ்சின் உள்ளுறையில் விழும் தடித்த திட்டு. உதரவிதானத்தின் மேல் சுண்ணாம்பு படிந்த பிளாக், நார் உள்ளே போனதற்குச் சாட்சி மட்டுமே. ஆஸ்பெஸ்டோசிஸ் என்றால் நுரையீரலுக்குள்ளேயே தழும்பு இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு, அதாவது ஐபிஎஃப் என்று முத்திரை குத்தப்போகும் நேரத்தில் சிடியில் பிளாக் கண்ணில் பட்டால், பேனாவை மூடிவிட்டு வேலைக் கதைக்குத் திரும்புங்கள்.

தழும்பை உறுதிசெய்ய பயாப்சி

நுரையீரலில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் தேவையில்லை.

நெஞ்சில் நீர் என்றாலே டிபி

நீரில் ஏடிஏ (டிபியில் கூடும் ஒரு நொதி) குறைவு, ஆள் பழைய நார் வேலைக்காரர் என்றால் மாத்திரைச் சீட்டை ஓரம் வைத்துவிட்டு, மீசோதீலியோமாவோ என்று பார்க்க தோரகோஸ்கோபிக்கு (நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) அனுப்புங்கள்.

“பீடி குடிச்சா இப்படித்தான்”

பீடியும் நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. பீடியைக் கண்டதும் விசாரணையை முடிக்காதீர்கள்.

ஷீட் வீட்டுக்காரரைப் பயமுறுத்துவது

முழு ஷீட்டில் நார் சிமெண்ட்டோடு இறுகிக் கிடக்கிறது. முக்கியமாக அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போதுதான் பறக்கும். வேலூர் வெயிலில் அதற்கடியில் வேகிறவரை இதைச் சொல்லி வேறு கலங்கடிக்க வேண்டாம்.

போன வார வாட்ச்மேனிடம் பிஜியைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். அதுக்கு முன்னாடி? பேக்கரி. அதுக்கும் முன்னாடி? “லாரிப் பட்டறை சார், ஒம்போது வருஷம்.” பிரேக் ஷூவுக்கு லைனிங் வைத்து ரிவெட் அடித்த விதத்தைப் போர்வை மேலேயே தட்டிக் காட்டினார். டிரம்மைக் கழற்றினதும் ஏர் அடித்துத் தூசியை ஊதுவாராம். பிஜி கேஸ் ஷீட்டை வாங்கி அடித்து எழுதினார். சிடிக்கு வியாழக்கிழமை தேதி கிடைத்திருக்கிறது.