வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின்: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேக் செய்ய வெண்ணெய் இல்லையா? தாவர எண்ணெயில் செய்யும், வெண்ணெய் போன்ற மார்ஜரின் போதும், அளவும் அதேதான். 100 கிராம் வெண்ணெய் என்றால் 100 கிராம் மார்ஜரின். ஆனால் எந்த மார்ஜரின் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு. மீதி பெரும்பாலும் தண்ணீர். கட்டியாக வரும் மார்ஜரினிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். டப்பாவில் வரும், கரண்டியால் வழித்துத் தடவும் வகை அப்படியில்லை. சிலவற்றில் கொழுப்பு 40 சதவீதம்தான், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். அதைப் போட்டுப் பிஸ்கட் சுட்டால் மாவு தட்டில் பரவி ஓடிவிடும், மொறுமொறுப்பும் வராது. வாணலியில் போட்டால் படபடவென்று தெறிக்கும். ரொட்டியில் தடவ மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பொருட்பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். 'பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவர எண்ணெய்' என்று இருந்தால் வாங்கவே வேண்டாம். கெட்ட கொழுப்பைக் கூட்டி, நல்ல கொழுப்பைக் குறைக்கும் டிரான்ஸ் கொழுப்பு அதிலிருந்துதான் வருகிறது. தாவர எண்ணெயில் செய்தது என்பதாலேயே பால் கலக்காதது என்றும் நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் பாலிலிருந்து எடுக்கும் மோர்ப்புரதம் (whey) சேர்க்கிறார்கள். வீட்டில் பால் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் இதைப் பார்க்க மறந்துவிடக் கூடாது.

பெரும்பாலானவற்றில் உப்பு இருக்கும். அதனால் மாவில் போடும் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.