ஜிஎஸ்டி ரெய்டு வந்தால் முதலில் என்ன கேட்க வேண்டும்?

சென்னை செம்புதாஸ் தெருவில் ஒரு கடைக்கு ஜிஎஸ்டி அதிகாரிகள் வந்தால் பக்கத்துக் கடை ஷட்டரும் பாதி இறங்கிவிடும். போலி பில் விசாரணை என்றால், உங்களுக்குச் சரக்கு விற்றவர் செய்த கோளாறுக்காகவும் உங்கள் கடைக்கு வரலாம். வருபவர்கள் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்கும் விதி இருக்கிறது, அதைத்தான் இங்கே சொல்கிறேன். பாரிமுனைப் பக்கம் புதிதாகக் கடை போட்டவர்களுக்காக எழுதுவது இது, பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும்.

படி 1: அனுமதியைப் படியுங்கள்

அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஐஎன்எஸ்-01 என்ற அனுமதிப் படிவம். ஜிஎஸ்டி சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி இணை ஆணையர் அல்லது அவருக்கு மேல் பதவியில் இருப்பவர்தான் இதைத் தர முடியும், அதுவும் நம்பத்தகுந்த காரணம் இருந்தால். உங்களிடம் காட்டி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். அவசரப்படாமல் ஒன்றைக் கவனியுங்கள்: அனுமதி வெறும் ஆய்வுக்கா, சோதனைக்கா? ஆய்வுக்கு மட்டும் என்றால் பறிமுதல் செய்யும் அதிகாரம் அதில் வராது. மத்திய அதிகாரிகள் என்றால் காகிதத்தில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும், 2019 நவம்பர் 8 முதல் இது கட்டாயம். மத்திய மறைமுக வரி வாரியமான சிபிஐசியின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் காகிதம் நிஜமா என்று தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் வழி விடுங்கள். கதவைத் திறக்க மறுத்தால் பூட்டை உடைக்கவும் சட்டம் இடம் தருகிறது, அந்த வீம்பு வேண்டாம்.

படி 2: சாட்சிகள்

அந்த இடத்தைச் சேர்ந்த, இதில் சம்பந்தமில்லாத இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டும். சௌகார்பேட்டையில் இதற்குக் கூப்பிட்டால் எவரும் வரமாட்டார் என்பது வேறு விஷயம். வீட்டில் சோதனை என்றால் பெண் அதிகாரி ஒருவர் கூட வர வேண்டும்.

படி 3: பஞ்சநாமா

சாட்சிகள் முன்னால் என்ன நடந்தது, எதை எடுத்தார்கள் என்று எழுதும் பதிவுதான் பஞ்சநாமா. இதுதான் முக்கியம். போலீஸ் சோதனை போட்டால் அதன் பதிவுகளின் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். ஜிஎஸ்டி சட்டத்தில் மாஜிஸ்திரேட் என்ற இடத்தில் ஆணையர் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள், அதாவது துறையின் வேலையைத் துறைக்காரரே மேற்பார்வை பார்ப்பார். எனக்கு இது போதுமானதாகத் தோன்றவில்லை. பின்னால் கோர்ட்டுக்குப் போனால் உங்களுக்காகப் பேசப்போவது உங்கள் கையில் இருக்கும் பஞ்சநாமா நகல்தான். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எடுத்த லெட்ஜர், ஹார்ட் டிஸ்க், கல்லாப் பணம் எல்லாம் அதில் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணத்தைப் பறிமுதல் செய்யலாமா என்பதில் உயர் நீதிமன்றங்களே வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கின்றன, அங்கே நின்று வாதாடாதீர்கள், எண்ணி எழுத வைத்தால் போதும்.

படி 4: "இப்பவே கட்டிடுங்க"

கட்டாயமில்லை. சோதனை நடக்கும்போதே வரி வசூலிக்கத் தேவை எழாது என்று 2022 மே 25 தேதியிட்ட அறிவுறுத்தலில் சிபிஐசியே சொல்லியிருக்கிறது. நீங்களாக விரும்பினால் டிஆர்சி-03 என்ற படிவம் மூலம் கட்டலாம், ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குத் தலை சுற்றும்போது எடுக்கிற முடிவா அது? ஆடிட்டரிடம் பேசிவிட்டு மறுநாள் பாருங்கள். மிரட்டிக் கட்ட வைத்தார்கள் என்று புகார் வந்தால் விசாரித்து ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதே அறிவுறுத்தல் சொல்கிறது. வந்தவர்கள் சென்னை மண்டல மத்திய ஜிஎஸ்டிக்காரர்கள் என்றால், நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலையில் உள்ள முதன்மைத் தலைமை ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள், யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்ற விவரத்தோடு.

படி 5: எடுத்துப் போனதைத் திரும்பக் கேட்பது

ஆவணங்களுக்கு நகல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, விசாரணை கெடும் என்று அதிகாரி கருதினால் மட்டும் மறுக்கலாம். பறிமுதல் செய்த சரக்குக்கு ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வராவிட்டால் திருப்பித் தர வேண்டும், காரணம் காட்டி இன்னொரு ஆறு மாதம்வரை நீட்டிக்கலாம். கேட்பதை எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை முத்திரை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.