எச்ஐவி தம்பதிக்குக் குழந்தை: முதலில் பார்க்க வேண்டிய சீட்டு

எச்ஐவிக்கு மருந்து தரும் எங்கள் ஏஆர்டி மையத்துக்குப் புதிதாக வந்த ஆலோசகர், கணவருக்கு மட்டும் எச்ஐவி உள்ள ஒரு தம்பதியிடம் போன வாரம் சொன்னார்: "விந்தணுவைக் கழுவித்தான் வைக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க." 2019இல் நான் சொன்ன அதே வாக்கியம். அது உட்பட, செய்யக்கூடாத மூன்று தவறுகள் இவை.

வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பார்க்காமல் கருத்தரிப்பு மையத்துக்கு அனுப்புவது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று நான் அனுப்பிய தம்பதி இரண்டு ஆட்டை விற்று, அந்த அம்மாவின் தோட்டையும் அடகு வைத்தார்கள். இரண்டு தடவை முயன்றும் கரு தங்கவில்லை. திரும்பி வந்தபோதுதான் கணவரின் சிகிச்சைப் புத்தகத்தைப் புரட்டினேன். உள்ளே நாலாக மடித்த ஒரு சீட்டு: 'டார்கெட் நாட் டிடெக்டட்', அதாவது பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை. அவர்கள் கிளம்புவதற்கு முன்பே வந்த முடிவு. நான் பிரித்தே பார்க்கவில்லை.

வைரஸ் விந்துத் திரவத்திலும் அதிலுள்ள வெள்ளை அணுக்களிலும்தான் இருக்கும். அதனால் விந்தணுவைச் சுழற்றிப் பிரித்துக் கழுவும் முறை 1980களின் கடைசியில் மிலானில் தொடங்கியது. நல்ல மருந்து இல்லாத காலம் அது. 2016இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஐரோப்பாவின் 14 நாடுகளைச் சேர்ந்த 888 ஜோடிகள் ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு கொண்டிருந்தார்கள். ஜோடியில் எச்ஐவி உள்ள ஒருவர் சிகிச்சையில் இருந்து வைரஸைக் கட்டுக்குள் வைத்திருந்தார். அவரிடமிருந்து துணைக்குத் தொற்றியது ஒரு ஜோடியில்கூட இல்லை.

ஆகவே மாத்திரை தவறாமல் போட்டு, குறைந்தது 6 மாதமாக வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால், மருத்துவரிடம் பேசிவிட்டு இயல்பாகவே முயலலாம். ஒரு வருஷம் பார்த்தும் தங்கவில்லையா, சரி, அப்புறம் மற்றவர்களைப் போலவே இருவருக்கும் பரிசோதனை: அவருக்கு விந்தணு எண்ணிக்கை, இவருக்குக் கருக்குழாய். முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்ணென்றால் 6 மாதத்திலேயே.

அந்த அம்மாவுக்கு மறு வருஷம் வீட்டிலேயே கரு தங்கியது. தோடு அதற்குள் ஏலத்தில் போய்விட்டது.

எச்ஐவியை மறைத்துக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போவது

எப்படியும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எச்ஐவி என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சொல்லிவிட்டே போங்கள்.

கரு தங்கியதும் எச்ஐவி மாத்திரையை நிறுத்துவது

கூடாது. ஒரு வேளைகூட.