கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா? வேலையைப் பார்த்து முடிவெடுங்கள்

ஒரே காரின் ஆயில் மாற்றத்துக்கு நல்ல வெளி மெக்கானிக் போதும். அதே காரின் இரண்டு சாவியும் தொலைந்துபோனால் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் கதி. அதனால் முதலில் என்ன வேலை என்று பாருங்கள், எங்கே விடுவது என்பது அப்புறம்.

யோசிக்காமல் கம்பெனிக்கே கொண்டுபோக வேண்டியவை சில உண்டு. வாரண்டியில் சரிசெய்ய வேண்டிய பழுது, ரீகால் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது), கம்ப்யூட்டர் யூனிட்டுக்கான சாஃப்ட்வேர் அப்டேட், ஏர்பேக், ஹைப்ரிட் வண்டியின் உயர் மின்னழுத்த பேட்டரி. ரீகால் வேலைக்குக் காசு வாங்கமாட்டார்கள். 17 இலக்க சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று சொல்லிவிடுவார்கள். முன் கண்ணாடியில் கேமரா உள்ள வண்டி என்றால், கண்ணாடி மாற்றியபின் கேமராவை மறுபடி அளவீடு செய்தாக வேண்டும். அந்தக் கருவி இல்லாத இடத்தில் கண்ணாடி மாற்றாதீர்கள்.

பிரேக் பேட், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங், கிளட்ச் எல்லாம் வெளியே தாராளமாகச் செய்யலாம். வாரண்டி முடிந்த வண்டிக்கு வெளி மெக்கானிக்கால் கிடைக்கும் பெரிய லாபம் வேறொன்று: அவர் பழுதுபார்ப்பார். ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை என்றால் கம்பெனியில் முழு யூனிட்டையே மாற்றுவார்கள், அவர்களுடைய பார்ட்ஸ் பட்டியலில் அது பெரும்பாலும் முழுதாகத்தான் இருக்கும். வெளியே அதைப் பிரித்து, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையோ ரெகுலேட்டரையோ மட்டும் மாற்றித் தருபவர் கிடைப்பார்.

வெளியே சறுக்குவது பெரும்பாலும் ஆயில் விஷயத்தில்தான். 0டபிள்யூ-20 என்ற இளகிய ஆயில் கேட்கும் எஞ்சினுக்கு பீப்பாயிலிருந்து 15டபிள்யூ-40 என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிடுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டி உள்ள டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். புகைக்கரி வடிகட்டியிலேயே எரிந்துபோகும், ஆயிலின் சாம்பல் எரியாமல் அங்கேயே அடைத்துக்கொள்ளும். சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கி கியர்பாக்ஸே போய்விடும். எனவே கையேட்டில் உள்ள கிரேடையும் அளவையும் தாளில் எழுதிக் கொடுங்கள், சீல் உடைக்காத கேனை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் வேண்டும். வேலை முடிந்ததும் சமதளத்தில் எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது.

இன்னொன்று வீல் நட். ஏர் கன்னால் இஷ்டத்துக்கு முடுக்குவது எங்கும் நடக்கிறது, கம்பெனி சென்டரிலும்தான். பல கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் முறுக்குதான் கணக்கு. ஒரு நட் கூடுதல் இறுக்கம், இன்னொரு நட் குறைச்சல் என்று இருந்தால் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கம்பெனி சென்டரில் பயப்பட வேண்டியது பில்லின் நீளத்துக்கு. எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம் என்று அட்வைசர் அடுக்கும்போது, 'கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இது எந்தக் கிலோமீட்டருக்கு வருகிறது?' என்று கேட்டால் பாதி தானாக உதிர்ந்துவிடும். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். புதிதில் 10 முதல் 12 வரை இருக்கும், 3க்கு வந்தால் மாற்ற வேண்டும், 6 இருக்கும்போது அவசரமில்லை. ஆனால் பிரேக் ஆயிலை மட்டும் வேண்டாம் என்று தட்டிக் கழிக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும், நீண்ட இறக்கத்தில் பெடல் பொசுக்கென்று உள்ளே போகும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது.

புது மெக்கானிக்கை எடைபோட, அவர் பழுதைத் தேடும் விதத்தைக் கவனியுங்கள். எஞ்சின் உதறுகிறது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் பி0301 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டுகிறது என்று வையுங்கள். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். விவரம் தெரிந்தவர் முதல் சிலிண்டரின் காயிலை (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பாகம்) இரண்டாவதில் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் கெட்டிருக்கிறது. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். ஸ்கேனரைப் பார்த்த மாத்திரத்தில் நான்கு காயிலையும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இரண்டு எஸ்டிமேட்டை ஒப்பிடும்போது மொத்தத் தொகை ஒன்றும் சொல்லாது. பார்ட் நம்பர், பிராண்டு, லேபர் தனியாக, வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம், இவ்வளவும் எழுத்தில் வேண்டும். ஃபில்டரோடு 3.7 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு 4.5 லிட்டர் பில் போட்டிருந்தால் மீதி கேனைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தரவேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதவையுங்கள். முடிந்தபின் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்பார்கள்.

வாரண்டிக் காலத்தில் வெளியே சர்வீஸ் செய்ய நினைத்தால் முதலில் வாரண்டி கையேட்டின் நிபந்தனைகளைப் படியுங்கள். அனுமதி இருந்தாலும் தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு, ஃபில்டர் எண் நான்கும் உள்ள பில் கையில் இருக்க வேண்டும். 'ஜெனரல் சர்வீஸ்' என்று ஒற்றை வரியில் எழுதிய துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எஞ்சின் பழுதுக்கு வாரண்டி கேட்க முடியாது.